பக்கத்துக் கடைக்காரருக்கு ஜாமீன்

அக்டோபர் 6, திங்கள்

தீபாவளிக்கு இரண்டே வாரம். ரவிக்கைத் துணி கடை முழுக்கக் குவிந்து கிடக்கிறது. கொக்கி வைத்துத் தரக்கூட ஆளில்லை. இந்த நேரம் பார்த்துத்தானா இந்த மனுஷன் ஜெயிலுக்குப் போக வேண்டும்?

நடந்ததை எழுதிவிடுகிறேன். எங்கள் பேருந்து நிலையத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பிடம் கட்டி, சித்திரையில் திறப்புவிழா நடத்தினார்கள். ரிப்பன் வெட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள், டைல்ஸ் பளபளவென்று இருந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இன்று காலை பேரூராட்சி இன்ஜினியர், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போக வந்தார். உள்ளே போனவர் வெளியே வருவதற்குள், என் பக்கத்துக் கடை நாச்சிமுத்து தன் பழக்கடைப் பூட்டை எடுத்துக்கொண்டு போய் இரும்புக் கதவில் மாட்டிவிட்டார். மாட்டிவிட்டு ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தும் கொண்டார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க? கதவைத் தொறங்க!" என்று இன்ஜினியர் கத்துகிறார்.

"ஒண்ணும் அவசரமில்லீங்க சார். தண்ணி வர்ற வரைக்கும் இருந்து பாருங்க. எங்கூர்ப் பொம்பளைங்க ஆறு மாசமா இருக்கறாங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எப்போதும் போல மெதுவாகத்தான் சொன்னார். நடுவில் கம்பி வழியாக ஒரு பூவன் பழம் வேறு நீட்டினார். இன்ஜினியரும் வாங்கிச் சாப்பிட்டார். போலீஸ் வந்து பூட்டைத் திறப்பதற்குள் பேருந்து நிலையமே கூடிவிட்டது. அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்தார், அடைத்து வைத்தார் என்று வழக்கு. மாலையில் சப் ஜெயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. போன மாதம் நீர்க்கடுப்பு வந்து நான் அவர் கடையில் இளநீர் வாங்கப் போனபோது, "பகல்ல தண்ணி குடிக்கவே பயமா இருக்குதுங்க" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான். பேச்சுவாக்கில் சொன்னதற்கெல்லாம் ஒருவர் பூட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நான் என்ன செய்வது?

அக்டோபர் 7, செவ்வாய்

அவர் கடையைச் சாத்தக்கூட இல்லை. பூட்டு போலீஸ் ஸ்டேஷனில் சாட்சிப் பொருளாக இருக்கிறது. வாழைப்பழம் கனிந்துகொண்டே போகிறது, ஈ மொய்த்தால் என் கடைக்குத்தான் வரும். அதனால் நானே விற்றேன். ஒரு பக்கம் தையல் மிஷின், ஒரு பக்கம் தராசு. சாத்துக்குடி வாங்க வந்தவரிடம் "லைனிங் வெச்சா, வெக்காமயா?" என்று கேட்டுவிட்டேன்.

எதிர்ப்பக்கம் பூக்கடை வைத்திருக்கும் தெய்வானை அக்கா சரத்தைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார்.

"என்னக்கா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. உனக்குப் பழக்கடை நல்லாப் பொருந்துது."

"ஈ வருதுன்னு பாக்கறேன்."

"ஆமாமா. ஈ வரத்தாஞ் செய்யும்."

இந்த அக்காவுக்கு வேறு சோலி இல்லை.

அக்டோபர் 8, புதன்

யாரும் அவருக்காகப் போகவில்லை என்பதால் நான் போனேன். அப்பா அம்மா இல்லை, கல்யாணம் ஆகவில்லை. ஒரே அண்ணன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஒடிசாவில் இருக்கிறார். போன் போட்டால் எதிர்முனையில் மண்ணைத் துளைக்கிற சத்தம்தான் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, "பொங்கலுக்குத்தானுங்க ஊருக்கு வருவேன், நீங்களே பாத்துக்கோங்க" என்று கத்தினார். நீங்களே என்றால் யார்? என்னைத்தான் சொன்னாரோ என்னவோ.

வக்கீல் கோகிலவாணி என்னிடம்தான் ரவிக்கை தைக்கக் கொடுப்பாள். நல்ல பெண், படபடவென்று பேசுவாள். ஜாமீன் மனு போட்டுவிட்டாள்.

"கெடைக்குமா வக்கீலம்மா?"

"கெடைக்கும்க்கா. ஆளு கொலையா பண்ணிட்டாரு? ஆனா ஒண்ணு கேக்கறேன், அந்தப் பூட்டை மாட்டுன ஐடியா யாருது?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

ஒரு ரவிக்கைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைத்தேன். மறுபடியும் அதேபோல் வைத்தேன். வெயில் அதிகம்.

அக்டோபர் 10, வெள்ளி

தண்ணீர் வந்துவிட்டது!

நேற்றிலிருந்து குழி தோண்டிக் குழாய் பதித்தார்கள். ஆறு மாதமாக நடக்காதது ஒரே நாளில் நடந்தது. இன்று மதியம் அதே இன்ஜினியர் வந்து தன் கையால் குழாயைத் திருகினார். முதலில் காற்று வந்தது, அப்புறம் செம்மண் கலங்கல், அப்புறம் தெளிந்த தண்ணீர். பஸ்ஸுக்கு நின்றிருந்த பெண்களோடு சேர்ந்து நானும் கைதட்டினேன். காலேஜ் பெண்கள் விசிலடித்தார்கள். தெய்வானை அக்கா ஒரு முழம் பூவை எடுத்துக் குழாய்க்கே சுற்றிவிட்டார். நான் கடைக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். பயப்படாமல் குடித்தேன். எவ்வளவு நன்றாக இருந்தது!

இன்ஜினியர் கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"அந்தப் பழக்கடைக்காரர் எப்படியிருக்காருங்க?"

"நீங்க வெச்ச எடத்துலதான் இருக்கறாருங்க."

தலையைச் சொறிந்தார். "கம்ப்ளைண்ட் குடுக்கச் சொன்னது மேலதிகாரிங்க. ஜாமீனுக்கு நான் ஆட்சேபணை சொல்லமாட்டேங்க. அவரு குடுத்த பழம் நல்லாருந்துச்சு."

அவ்வளவு நல்ல மனுஷரைப் போய்த் திட்டிக்கொண்டே இருந்தேன். பழம் ஒரு சீப்பு கட்டிக் கொடுத்தேன். காசு வாங்கிக்கொண்டுதான். கடை என்னுடையதா என்ன?

தண்ணீர் வந்த விஷயம் அந்த மனுஷனுக்குத் தெரியாதே என்று மட்டும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் ஆள் வெளியே வரவில்லை. ஜாமீன் கிடைப்பது ஒன்று, ஜாமீன்தாரர் கிடைப்பது வேறொன்று. இன்றைக்குத்தான் எனக்கு இது தெரிந்தது.

இரண்டு பேர் சொந்த வீட்டு வரி ரசீதோடு போய், 'இவர் ஓடமாட்டார், ஓடினால் நாங்கள் பொறுப்பு' என்று நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். அதில் ஒருவர் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும் என்று உத்தரவு. வியாழக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். வெள்ளியிலிருந்து நீதிபதியம்மா விடுப்பு. அப்புறம் தீபாவளி முடிந்துதான். நாச்சிமுத்துவின் உறவு முழுக்க ஒடிசாவில் பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கிறது.

தெய்வானை அக்கா "நான் வாரேன்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. இன்னொரு ஆள் நான். என் வீட்டுக்காரர் தவறிப்போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. வீடு என் பேரில்தான் இருக்கிறது. வீட்டுக்குச் சான்று வாங்க கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரு உங்களுக்கு என்ன ஒறம்பரைங்க?"

"பக்கத்துக் கடைங்க."

"பக்கத்துக் கடைக்காரருக்காக வீட்டை வெக்கறீங்களா?"

"ஏனுங்க, கையெழுத்துப் போடறீங்களா, இல்ல நாளைக்கு வரட்டுமா?"

போட்டுவிட்டார்.

மகள் சிந்துஜா கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படிப்பைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

"அம்மா, நீ இன்னிக்கு வேற எதுவுமே பேசலை, தெரியுமா?"

"ஊர்ல வேற என்ன நடந்துச்சு, பேசறதுக்கு?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்தாள். பெற்ற பெண்ணும் தெய்வானை அக்கா மாதிரியே சிரிக்கிறாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

வக்கீல் ஆபீஸ். கோகிலவாணி கோர்ட்டில் இருந்தாள். அவளுடைய குமாஸ்தாதான் ஜாமீன் தாள்களைத் தட்டச்சு செய்தார். எனக்கு வாடிக்கைக்காரிகள் போன் மேல் போன். "தீபாவளிக்கு முன்னாடி கெடைக்குமா அக்கா?" என்று ஆளாளுக்கு. வராந்தாவில் நின்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். குமாஸ்தா கேட்டதற்கெல்லாம் தெய்வானை அக்காவே எனக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். நான் வந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். நாச்சிமுத்துவின் கையெழுத்தும் வேண்டுமாம், குமாஸ்தா ஜெயிலுக்குக் கொண்டுபோகிறார். நாளைக் காலை தாக்கல் செய்துவிட்டால் மாலையில் ஆள் வெளியே.

பழக்கடையைத் துடைத்து, புதிதாக இரண்டு தார் இறக்கி வைத்தேன். வருகிறவர் கடை அழுகிக் கிடக்கிறது என்று சொல்லக்கூடாது பாருங்கள்.

அக்டோபர் 15, புதன்

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்!

"தாளை முழுசும் படிச்சாருங்க. மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாரு. இதுல போடமாட்டேன், உள்ளயே இருந்துக்கறேன்னுட்டாரு. ஏன்னு கேட்டா வாயத் தொறக்கல" என்றார் குமாஸ்தா.

எனக்கு வந்த கோபத்தில் மிஷினில் ஊசி உடைந்தது. நான் வீட்டை வைக்கிறேன், நாயாய் அலைகிறேன், அவருக்கு என் ஜாமீன் கசக்கிறதா? விதவை ஜாமீன் கொடுத்தால் மரியாதைக் குறைவோ? கடையைத் தெய்வானை அக்காவிடம் விட்டுவிட்டு நேரே சப் ஜெயிலுக்குப் போய், பார்க்க வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்து நின்றேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் வந்தார். இளைத்திருந்தார். முகத்தில் முள்முள்ளாகத் தாடி. அதைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"என்ற கையெழுத்து இருக்கற தாளு உங்களுக்கு ஆகாதுங்களா?"

"ஏனுங்க, அப்படியெல்லாம் இல்லீங்க."

"பொறகு?"

கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க அதைப் படிச்சீங்களா?"

"படிக்க எங்க நேரம்? தீபாவளி சீசனுங்க."

"படிச்சுப் பாருங்க. படிச்சும் அதுதான் சரின்னு நீங்க சொன்னா, போட்டுர்றேனுங்க." அப்புறம், "தண்ணி வந்துருச்சாமா?" என்று கேட்டார்.

"வந்துருச்சுங்க. நல்லா வருது. நான் குடிக்கறேனுங்க இப்பெல்லாம்."

ஜெயிலுக்குள் நின்றுகொண்டு ஒரு மனுஷன் இப்படிச் சிரிப்பாரா?

வக்கீல் ஆபீசுக்குப் போய்த் தாளை வாங்கிப் படித்தேன். என் பேர், என் வயது, என் வீட்டுக் கதவு எண். அதற்குக் கீழே: 'எதிரியின் உடன்பிறந்த தங்கை'. குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டுத் தமிழில் எதிரி என்றுதான் எழுதுவார்களாம். அது போகட்டும், தங்கை?

குமாஸ்தாவைக் கேட்டால், "தெய்வானையம்மாதானுங்க சொன்னாங்க, அண்ணன் தங்கச்சியாட்டம்னு. நெருங்கிய உறவு வேற வேணும். சரியாப் போச்சுன்னு அடிச்சிட்டேனுங்க" என்கிறார். தெய்வானை அக்காவைக் கேட்டால், "அந்தக் குமாஸ்தா உன்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, என்ன ஒறவுன்னு கேட்டான் கண்ணு. நாலு பேரு நாலு பேசக்கூடாதுன்னு அப்படிச் சொன்னேன். நம்மூர்ல அண்ணன்னு சொல்லாத பொம்பளை யாரு இருக்கறா?" என்கிறார்.

யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பேருந்து நிலையத்தில் டிரைவர், கண்டக்டர், பேப்பர் போடுகிறவர், எல்லோரும் எனக்கு அண்ணன்தான். அவரை மட்டும் நான் அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவரும் ஊரில் உள்ள பெண்களையெல்லாம் அக்கா, அம்மிணி என்பார். என்னை மட்டும் 'ஏனுங்க'.

அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மனுஷன் தீபாவளியை ஜெயிலில் கழிக்கத் தயாராக இருக்கிறார். பைத்தியம். எனக்குக் கோபம் வர வேண்டும்.

வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. சேமியா பாக்கெட்டின் தேதி முடியப் போகிறது, அதனால் இருக்கும். சிந்துஜாவுக்குப் போன் போட்டு, தாளில் தங்கை என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"அம்மா, தங்கச்சின்னு சொன்னா அவரு நாளைக்கே வெளிய வந்துருவாரு."

"ஆமா கண்ணு."

"ஆனா அப்புறம் ஆயுசுக்கும் தங்கச்சிதான்."

"ஆமா."

"எனக்கு மாமா வேண்டாம்மா" என்றாள். குரலில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தது. "வேற மாதிரின்னா யோசிக்கலாம்."

நான் போனை வைத்துவிட்டேன். பிறகு எடுத்து, "பாயசம் வெச்சிருக்கறேன், தீபாவளிக்கு வர்றப்ப இன்னும் நல்லா வெச்சுத் தர்றேன்" என்று சொல்லி மறுபடியும் வைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் கோகிலவாணியிடம் சொன்னேன்: "அந்தத் தங்கச்சியை எடுத்துருங்க."

"எடுத்துட்டா வேற என்ன உறவுன்னு போடறது அக்கா? சும்மா தெரிஞ்சவங்கன்னா ஏத்துக்க மாட்டாங்க. இன்னிக்கு விட்டா தீபாவளி முடிஞ்சுதான்."

"காலியா உடுங்க. கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"அக்கா, கோர்ட்டுல சத்தியம் பண்ணோணும்."

"அதுக்குத்தான் சொல்றேன். எடுங்க."

என் முகத்தில் என்ன பார்த்தாளோ, புதுத் தாள் அடித்துக் கொடுத்தாள். பத்து மணிக்குக் குமாஸ்தா அதை ஜெயிலுக்குக் கொண்டுபோனார். உறவு என்ற இடம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு நாச்சிமுத்து ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாராம்.

மதியம் கூப்பிட்டார்கள். நீதிபதியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் தெய்வானை அக்கா ஏறினார், பூவும் பழமும் கொடுக்காத குறையாகக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அப்புறம் நான். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள்.

"வீடு உங்க பேர்ல இருக்கா?"

"ஆமாங்கம்மா. வரி ரசீது இருக்குதுங்க."

"வாய்தாவுக்கு அவர் வரலைன்னா நீங்கதான் பொறுப்பு, தெரியுமா?"

"வந்துருவாருங்க. வரலீன்னா நானே புடிச்சிட்டு வாறேனுங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நீதிபதியம்மா தாளைப் புரட்டினார்.

"எதிரிக்கும் உங்களுக்கும் என்ன உறவு? இங்க எழுதவே இல்லையே?"

கோகிலவாணி பாதி எழுந்தாள். தெய்வானை அக்கா வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார். எங்கள் பேருந்து நிலையத்து ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். பதினொரு வருஷமாக நான் இந்த ஊரில் தலையைக் குனிந்து துணி தைத்துக்கொண்டிருந்தவள். இன்றைக்குத் தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

"அவரைக் கட்டிக்கப் போறவளுங்கம்மா."

டைப் அடிக்கிற பெண் கையை எடுத்துவிட்டாள்.

"அப்படியா? எப்போ கல்யாணம்?"

"தெரியலீங்கம்மா. அவருகிட்ட இன்னும் கேக்கலீங்க. அவரு உள்ள இருக்கறாரு."

அவ்வளவுதான், கோர்ட் முழுக்கச் சிரிப்பு. வக்கீல்கள் சிரித்தார்கள், போலீஸ்காரர்கள் சிரித்தார்கள், அரசு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நீதிபதியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தாளையே பார்த்தார்.

"அப்போ வெளிய விட்டாத்தான் கேட்க முடியும்கறீங்க."

"ஆமாங்கம்மா."

"ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

விடுதலை உத்தரவை ஏட்டு ஒருவர் பைக்கில் கொண்டுபோனார். நானும் தெய்வானை அக்காவும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் விஷயம் உள்ளே போய்விட்டது. ஐந்து மணிக்குச் சின்னக் கதவைத் திறந்தார்கள். குனிந்து வெளியே வந்தார். கையில் ஒரு துணிப்பை. காது இரண்டும் சிவந்திருந்தன.

"ஏட்டய்யா என்னமோ சொல்றாருங்க" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்ன சொன்னாரு?"

"கோர்ட்டுல நீங்க என்னமோ… நெசந்தானுங்களா?"

தெய்வானை அக்கா வேண்டுமென்றே ஜெயில் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"சத்தியம் பண்ணிச் சொன்னதுங்க" என்றேன். "அது பொய்யாப் போச்சுன்னா என்னையப் புடிச்சு இதே ஜெயில்ல போட்டுருவாங்க. என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை.

"ஏனுங்க," என்றார், "உங்களைய உள்ள போக உட்டுருவனுங்களா?"